முதல் புராங்ஹார்ன் வேட்டை: எந்த ரைஃபிள், எந்தக் கருவிகள்?

டென்வரில் என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவருக்கு இந்த ஆண்டு வயோமிங் மாநிலக் குலுக்கலில் புராங்ஹார்ன் என்னும் மான் போன்ற விலங்கை வேட்டையாடுவதற்கான உரிமம் கிடைத்திருக்கிறது. முடிவு வந்த அன்று மாலையே, "அண்ணா, எந்த ரைஃபிள் வாங்கட்டும்?" என்று கேட்டு வந்துவிட்டார். அவரிடம் இதுவரை துப்பாக்கி எதுவும் இல்லை. மொத்தச் செலவுக்கு ஏறத்தாழ 2,200 டாலர் ஒதுக்கியிருந்தார். அதில் 1,600 டாலரை ரைஃபிளுக்கும் அதன்மேல் பொருத்தும், குறிபார்க்க உதவும் தொலைநோக்கியான ஸ்கோப்புக்குமே கொடுத்துவிடுவதென்று மனத்துக்குள் முடிவும் செய்திருந்தார். அந்தப் பங்கீடுதான் தவறு என்று அவரிடம் சொன்னேன். ரைஃபிள் வகைகளுக்கு இடையே உள்ள வேறுபாடு, கடைக்காரர்களும் வேட்டைக்காரர்களும் பேசிக்கொள்வதைவிட மிகச் சிறியது. துப்பாக்கியை எதன்மேல் ஊன்றிச் சுடுகிறோம், தூரத்தை எப்படி அளக்கிறோம், வேட்டைக்கு முன் எத்தனை தோட்டாக்களைச் சுட்டுப் பழகியிருக்கிறோம் என்பவற்றால் வரும் வேறுபாடு மிகப் பெரியது. அதை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்ப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கருவியைத் தீர்மானிப்பது விலங்குதான் என்பதால் அதிலிருந்தே தொடங்க வேண்டும். அமெரிக்கர்கள் இதை 'ஆன்டிலோப்' என்றே அழைத்தாலும், நம் கோடியக்கரையில் காணும் வெளிமானைப் போல இது உண்மையான இரலை இனத்தைச் சேர்ந்ததன்று. தன் குடும்பத்தில் எஞ்சியிருக்கும் ஒரே இனம் இது. இன்று உயிரோடிருக்கும் விலங்குகளில் இதற்கு மிக நெருங்கிய உறவு ஒட்டகச்சிவிங்கியும் ஒகாப்பியும்தான். ஆயினும் கோடியக்கரைப் புல்வெளியில் வெளிமான் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் வாழ்க்கை முறை அந்நியமாகத் தோன்றாது. திறந்தவெளியில் வாழ்கிறது, ஒளிந்துகொள்வதை நம்பாமல் பார்வையையும் ஓட்டத்தையும் நம்புகிறது. மணிக்கு 85 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடக்கூடியது. இன்று அங்குள்ள, வேட்டையாடித் தின்னும் எந்த விலங்கும் அவ்வளவு வேகமாக ஓடுவதில்லை என்பதால், பனியுக முடிவில் அழிந்துபோன அமெரிக்கச் சிறுத்தைகளுக்கு அஞ்சி ஓடிய காலத்தின் எச்சமே அந்த வேகம் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு.

வளர்ந்த கிடா 45 முதல் 60 கிலோ வரை எடையுள்ளது. தோள்பட்டை உயரம் மூன்று அடிக்குள் அடங்கிவிடும். முதுகிலிருந்து நெஞ்சடி வரை அளந்தால் 14, 15 அங்குலம்தான். அதற்குள், குண்டு பட்டால் விரைவாக உயிர் பிரியும் இடம், அதாவது இதயமும் நுரையீரலும் சேர்ந்த உயிர்நிலை, 8 அல்லது 9 அங்குல அகலமுள்ள ஒரு வட்டம். சாப்பாட்டுக்கு வைக்கும் காகிதத் தட்டு ஒன்றின் அளவு. இந்தத் தட்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னால் வரும் ஒப்பீடுகள் அனைத்துக்கும் அதுவே அளவுகோல்.

துப்பாக்கிக் கடைக்குப் போவதற்கு முன் இரண்டு சட்டச் செய்திகள். 1966 ஜனவரி 1-ஆம் தேதியிலோ அதற்குப் பின்னோ பிறந்தவர்கள் வயோமிங்கில் வேட்டையாட, வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று வேண்டும். அடுத்தது நம்மவர்களில் பலருக்கு நேரடியாகப் பொருந்துவது. எச்1பி போன்ற குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் அந்தத் தடைக்கு ஒரு விலக்கு. நண்பரின் துப்பாக்கியை இரவல் வாங்கிப் பழகினாலும் இந்தத் தடை பொருந்தும். ஆகவே உரிமம் கைக்கு வந்த பிறகே துப்பாக்கியைத் தொட வேண்டும்.

இனி தோட்டா வகைகள். வயோமிங் சட்டம் புராங்ஹார்னுக்கு .22 அங்குல விட்டமும் 60 கிரெய்ன் (ஏறத்தாழ 4 கிராம்) எடையும் கொண்ட, பட்டதும் விரியும் குண்டையே போதுமென அனுமதிக்கிறது. சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக முதல்முறை போகிறவர் அந்தக் கீழெல்லையில் நிற்க வேண்டியதில்லை. மறுபக்கம், .300 வின்செஸ்டர் மேக்னம் போன்றவை எல்க் மானுக்கானவை. 50 கிலோ விலங்குக்கு அந்த ஆற்றல் எந்தப் பயனும் தராது, தோளுக்கு வலியை மட்டும் தரும். இவ்விரண்டையும் ஒதுக்கிவிட்டால் நடுவில் நிற்பவை .243 வின்செஸ்டர், .25-06 ரெமிங்டன், 6.5 கிரீட்மோர், .270 வின்செஸ்டர், .308 வின்செஸ்டர் ஆகிய ஐந்து. .30-06 ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இவற்றுள் மூத்தது 1925-இல் வந்த .270. 130 கிரெய்ன் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 3,060 அடி வேகத்தில் புறப்படுகிறது. 200 கஜத்தில் குண்டு குறிவைத்த இடத்திலேயே படுமாறு சரிசெய்யப்பட்ட துப்பாக்கியில் அந்தக் குண்டு 300 கஜத்தில் ஆறரை அங்குலம் அளவுக்குத் தாழ்கிறது. 1955-இல் வந்த .243-இன் 100 கிரெய்ன் குண்டு அதே தூரத்தில் ஏழு அங்குலம் அளவுக்குத் தாழும், 6.5 கிரீட்மோரின் 143 கிரெய்ன் குண்டு எட்டு; .308-இன் 150 கிரெய்ன் குண்டு எட்டரை. மிகச் சிறந்ததற்கும் மிகக் கடைசியானதற்கும் இடையே 300 கஜத்தில் இரண்டு அங்குலம். தட்டின் அகலம் ஒன்பது. இந்த இரண்டு அங்குலத்துக்காக ஒருவர் வைத்திருக்கும் நல்ல .308-ஐ விற்றுவிட்டு .270 வாங்குவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

தாழ்ச்சியைவிடக் காற்று கூடுதல் கவனத்துக்குரியது. தாழ்ச்சி எப்போதும் ஒரே அளவானது; தூரம் தெரிந்தால் கணக்கிட்டுவிடலாம். காற்று அப்படியன்று, நிற்கும் இடத்தில் ஒரு மாதிரியும் விலங்கு நிற்கும் இடத்தில் வேறு மாதிரியும் வீசும். வயோமிங் சமவெளியில் மணிக்கு 20 மைல் காற்று அன்றாட நிகழ்வு. பக்கவாட்டில் 10 மைல் காற்று வீசினால், 300 கஜத்தில் .308-இன் குண்டும் .243-இன் குண்டும் ஏறத்தாழ ஏழு அங்குலம் ஒதுங்குகின்றன; .270 ஆறு, நீண்டு மெலிந்த குண்டைச் சுடும் 6.5 கிரீட்மோர் ஐந்து. காற்று 20 மைலானால் இவை அனைத்தும் இருமடங்காகும், அப்போது 6.5-க்கும் .243-க்கும் இடையே நான்கு அங்குல வேறுபாடு வந்துவிடுகிறது. தட்டில் பாதி அளவு அது. தோட்டா வகைகளை ஒப்பிட்டதில் உண்மையிலேயே பொருட்படுத்தத்தக்க ஒரே வேறுபாடாக எனக்குத் தோன்றுவது இதுதான். ஆனாலும் இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது: 20 மைல் காற்றில், எந்தத் துப்பாக்கி கையில் இருந்தாலும், முதல் வேட்டைக்காரர் 300 கஜத்திலிருந்து சுடக் கூடாது. 200 கஜத்துக்குள் போய்விட்டால் அந்த வேறுபாடு ஒன்றரை அங்குலம் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

சுடும்போது துப்பாக்கி தோளில் பின்னோக்கி இடிக்கும் உதையையும் பார்க்க வேண்டும். ஒரே எடையுள்ள துப்பாக்கிகளில் .270-இன் உதை .243-ஐப் போல ஏறத்தாழ இருமடங்கு; .308 ஏறக்குறைய .270-ஐப் போன்றது, 6.5-உம் .25-06-உம் இடையில் நிற்கின்றன. உதைக்கு அஞ்சாதவர்கள் என்று தங்களை நினைத்துக்கொள்ளும் ஆண்கள்தாம் சுடுகளத்தில் விசையை அழுத்தும்போது கண்ணை மூடுகிறார்கள். தோட்டா இல்லாமல் விசையை இழுக்கும்போது குழல்முனை துள்ளினால், அந்தப் பழக்கம் வந்துவிட்டது என்று பொருள். உதை குறைந்த துப்பாக்கியில் ஒரு மாலையில் 40 தோட்டா பழகலாம். உதை மிகுந்ததில் 15-க்கு மேல் போனால் பழகுவது கெட்ட பழக்கம்தான்.

.25-06 ரெமிங்டன் இந்த விலங்குக்கென்றே செய்ததைப் போலப் பொருந்தும். சமவெளி வேட்டைக்காரர்களில் அதை விரும்பும் மூத்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். ஆயினும் புதிதாக வாங்குபவருக்கு அதை நான் பரிந்துரைக்கவில்லை. தோட்டாப் பெட்டியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்தால், சிறு ஊரின் கடையில் .270-உம் .308-உம் 6.5-உம் கிடைக்கும்; .25-06 கிடைக்குமென்று நம்பிப் போக முடியாது. ஆகவே புதிதாக வாங்குபவருக்கு 6.5 கிரீட்மோர்; உடல் மெலிந்தவருக்கும் உதையை அறவே விரும்பாதவருக்கும் .243, வீட்டில் .270, .308, .30-06 எது இருந்தாலும் அதுவே போதும், புதிது வேண்டாம்.

குண்டின் வகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெல்லிய உறையுள்ள ஈயக் குண்டு, அண்மைத் தூரத்தில் தோள் எலும்பில் பட்டால் சிதறி ஒரு முன்சப்பை முழுவதையும் வீணாக்கிவிடும். முழுச் செம்புக் குண்டு சிதறாது. ஈயத் துணுக்குகள் இறைச்சியில் கலக்கும் கவலையும் இல்லை. வீட்டில் குழந்தைகள் உண்ணப்போகும் இறைச்சி என்பதால் நான் செம்பையே தேர்ந்தெடுக்கிறேன். விலை சற்றுக் கூடுதல். எந்தக் குண்டைக் கொண்டு வேட்டைக்குப் போகிறோமோ அதைக் கொண்டே குறியைச் சரிசெய்ய வேண்டும். மலிவான தோட்டாவில் சரிசெய்துவிட்டு வேறொன்றோடு போனால் குண்டு விழும் இடம் மாறிவிடும்.

ரைஃபிளின் தயாரிப்பைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. ரூகர் அமெரிக்கன், சாவேஜ் 110 போன்ற விலை குறைந்த, ஒவ்வொரு சூட்டுக்கும் கையால் தாழ்ப்பை இழுத்துத் தோட்டாவை ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கிகளே இன்று 100 கஜத்தில் ஒன்றரை அங்குலத்துக்குள் மூன்று குண்டுகளைச் சேர்த்துவிடுகின்றன. டிக்கா டி3எக்ஸ்-இன் போல்ட் வழுக்கிக்கொண்டு போகும், விசையும் மேலானது. ஆனால் அந்தக் கூடுதல் பணத்தைத் தோட்டாவுக்குச் செலவிட்டால் பலன் பெரிது. எடையில் மட்டும் ஒரு கருத்து. மலைக்கென்று செய்யப்படும் ஐந்தரைப் பவுண்டு துப்பாக்கிகள் இங்கே தேவையில்லை. வண்டி நிற்கும் இடத்திலிருந்து இரண்டு மூன்று மைல் நடப்பதே பெரும்பாலும் போதும். ஸ்கோப்போடு சேர்த்து எட்டு முதல் ஒன்பது பவுண்டு இருந்தால் உதையும் குறையும், காற்றில் குழலும் குறைவாக ஆடும். ரைஃபிள், தோட்டா விற்பனையில் 11 விழுக்காட்டுக் கூட்டரசு வரி, 1937-இல் இயற்றப்பட்ட பிட்மன் ராபர்ட்சன் சட்டத்தின்படி வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. 1920-களில் சுமார் 30,000 அளவுக்குச் சுருங்கிப்போன புராங்ஹார்ன்கள் மீண்டும் பல இலட்சங்களாகப் பெருகியதில் அந்தப் பணத்துக்கும் பங்குண்டு என்பது வேட்டைக்குப் போகும் எவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

ஸ்கோப்பில் இரு வழிகள் உண்டு. ஒன்று, 3 முதல் 9 மடங்கு வரை பெரிதாக்கும் 3-9x40 என்ற பழைய எளிய வகை. மற்றது, 4-16 மடங்கு பெரிதாக்கும், தூரத்துக்கேற்பக் குமிழைத் திருகிக் குறியை உயர்த்தும் வகை. இரண்டாவது வகை நெடுந்தூரச் சுடுதலுக்கு இன்றியமையாதது. ஆனால் முதல்முறை போகிறவர், கிடா எழுந்து நிற்கும் பதற்றத்தில், முன்பு திருகிய குமிழைத் திரும்பத் தொடக்க நிலைக்குக் கொண்டுவர மறந்துவிடுவார். 300 கஜத்துக்குள் சுடுவதென்று முடிவெடுத்துவிட்டால் 3-9 போதும். 200 கஜத்தில் சரிசெய்துகொண்டால் 100 கஜத்தில் குண்டு ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் மேலே படும். 250 வரை உயிர்நிலையின் நடுவிலேயே குறிவைக்கலாம். 300-இல் முதுகுக் கோட்டுக்குச் சற்றுக் கீழே வைத்தால் குண்டு உள்ளே விழும். 250 கஜத்தில் சரிசெய்வோரும் உண்டு. அப்போது 150 கஜத்தில் குண்டு மூன்று அங்குலத்துக்கும் மேலே போவதால், சிறிய உடலுள்ள இவ்விலங்குக்கு அதை நான் விரும்புவதில்லை.

என் முதல் வேட்டை, காஸ்பர் நகருக்குத் தெற்கே உள்ள ஷர்லி பேசின் பகுதியில் நடந்தது. அன்று கையில் இருந்தது இரவல் வாங்கிய .243. தூரமானி வாங்கவில்லை, வீண் செலவென்று நினைத்தேன். காலை ஒன்பது மணியளவில், காய்ந்த ஓடைப் பள்ளம் ஒன்றின் வழியாகத் தவழ்ந்து கரைக்கு வந்தபோது, எதிர்ச் சரிவில் ஒரு கிடா பக்கவாட்டில் நின்றிருந்தது. கன்னத்தின் கருந்திட்டு வெறும் கண்ணுக்கே தெரிந்தது. ரைஃபிளில் ஆறு அங்குல உயரமுள்ள குட்டைப் பைபாட், அதாவது இருகால் தாங்கி, பொருத்தியிருந்தேன். படுத்து ஸ்கோப்பில் கண்ணை வைத்தால் சாம்பல் நிறச் சேஜ் புதரின் இலைகளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. முழங்கையை ஊன்றி உடம்பை உயர்த்தினேன். இலைகளுக்கு மேலே கிடாவின் முதுகு தெரிந்தது, கூடவே குறிக்கோடுகள் அதன் முதுகுக்கும் வயிற்றுக்குமாக ஆடத் தொடங்கின. 350 கஜம் இருக்குமென்று கண்ணால் மதிப்பிட்டு, முதுகுக்கு மேலே ஓரடி விட்டுச் சுட்டேன். குண்டு அதன் முதுகுக்கு மேலே பறந்து பின்னாலிருந்த மண்ணில் புழுதி கிளப்பியது. பின்னங்கால் பக்கத்து வெள்ளை மயிர் விரிந்து எழ, கூட்டம் முழுவதும் அரை நிமிடத்தில் மறைந்துவிட்டது. மறுநாள் நண்பரின் தூரமானியால் அதே கரையிலிருந்து அளந்தேன்: 235 கஜம்.

அந்த ஒரு சூட்டில் இரண்டு பாடங்கள் இருந்தன. இரண்டுமே துப்பாக்கியைப் பற்றியவையல்ல. தூரத்தைப் பற்றியது முதலாவது. புராங்ஹார்ன் நாம் பழகிய மான்களைவிடச் சிறியது. மரமோ வீடோ அருகில் இல்லாத வெளியில் நிற்கிறது. சிறிதாகத் தெரிவதால் தொலைவில் இருப்பதாகக் கண் முடிவு கட்டுகிறது. குண்டு மேலே போகிறது. ஆயிரம் கஜம் என்று பெட்டியில் அச்சிட்ட லேசர் ரேஞ்ச்ஃபைண்டர், விலங்கின் மயிரில் பட்டுத் திரும்பும்போது அதில் பாதி தூரமே அளக்கும். நமக்கு வேண்டியது 300 என்பதால் 200 டாலருக்குள் கிடைக்கும் ஒன்றே தாராளமாகப் போதும். பைனாகுலருக்குள்ளேயே தூரமானி அமைந்த கருவிகள் சிறந்தவை. விலையோ ரைஃபிளின் விலையைத் தாண்டும்.

இரண்டாவது பாடம் ஊன்றுகோலைப் பற்றியது. இந்தக் கட்டுரையில் தம்பி எதையேனும் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பாரென்றால் அது இதுவாக இருக்க வேண்டுமென்று விரும்புகிறேன். சேஜ் புதர் பல இடங்களில் முழங்கால் உயரம் வளர்ந்திருக்கும். படுத்துச் சுடுவது மிக உறுதியான நிலை என்பது உண்மை. ஆனால் வேட்டையில் பாதி நேரம் படுத்தால் இலைதான் தெரியும். அதற்கு மேல் நிலம் முழுவதும் சப்பாத்திக்கள்ளி. நம் ஊர் வேலியோரத்தில் ஆளுயரம் வளர்வதைப் போலன்றி, இங்கே அது புல்லோடு புல்லாகத் தரையில் படர்ந்து கிடக்கும். முழங்கை பட்ட பிறகே இருப்பது தெரியும். ஆகவே உட்கார்ந்த நிலையில் சுடுவதற்கு ஏற்ற உயரமே முதல் தேவை. ரைஃபிளில் பொருத்தும் பைபாடுகளில் 13 முதல் 27 அங்குலம் வரை நீளும் வகை உண்டு. அது எப்போதும் துப்பாக்கியோடு இருக்கும், தேடி எடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு பவுண்டு எடையைக் குழல்முனைப் பக்கம் சேர்க்கிறது, சரிவான தரையில் கால்களைச் சமன்செய்யச் சில நொடிகள் பிடிக்கின்றன. கையில் கொண்டுபோகும் மூன்றுகால் ஊன்றுகோல் உட்காரவும் மண்டியிடவும் நிற்கவும் பொருந்தும். நடக்கும்போது கைத்தடியாகவும் பயன்படும். பைனாகுலரை அதன்மேல் வைத்துப் பார்க்கலாம். தவழும்போது மட்டும் இடைஞ்சல். முதுகுப் பையை முன்னால் நிறுத்தி அதன்மேல் துப்பாக்கியை வைப்பது செலவில்லாத வழி. மேடு ஒன்றின் உச்சிக்குத் தவழ்ந்து போய் எட்டிப் பார்த்துச் சுடும்போது அதைவிட உறுதியானது வேறில்லை. நான் இன்று கொண்டுபோவது மூன்றுகால் ஊன்றுகோலும் பையும் மட்டுமே. உட்கார்ந்து, ஊன்றுகோலில் முன்பக்கத்தை வைத்து, வலது முழங்கையை மடித்த முழங்காலில் தாங்கினால், படுத்துச் சுடுவதற்கு ஏறத்தாழ நிகரான உறுதி கிடைக்கிறது. அது ஒரே நாளில் வராது. மாலைதோறும் வரவேற்பறையில் தோட்டா இல்லாத துப்பாக்கியோடு பத்து முறை உட்கார்ந்து எழுந்து பழகினால் இரண்டு மாதத்தில் வரும்.

பைனாகுலரில் 8x42, 10x42 என்ற இரண்டுக்குள் தேர்ந்தெடுத்தால் போதும். காட்டு வேட்டைக்கு எட்டு நல்லது, வெளிநிலத்துக்குப் பத்து. வேட்டை நாளின் பெரும்பகுதி சுடுவதில் கழிவதில்லை, பார்ப்பதில் கழிகிறது. ஆறு மணி நேரம் மட்டமான கண்ணாடி வழியே பார்த்தால் தலைவலி வந்து, மதியத்துக்குள் தேடுவதை விட்டுவிடுவோம். ஆகவே கண்ணாடியில் ஸ்கோப்பைவிடப் பைனாகுலருக்கே கூடுதல் பணம் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கொம்பின் நீளத்தை அங்குலக் கணக்கில் மதிப்பிட விரும்புவோர் 20-60 மடங்கு பெரிதாக்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப் என்னும் தொலைநோக்கியையும் கொண்டுவருவார்கள். முதல் வேட்டையில் சட்டப்படியான எந்தக் கிடாவும் மகிழ்ச்சி தரும்; மேலும் பதினொரு மணிக்குமேல் கானல் எழும்பினால் அந்த 60 மடங்கில் தெரிவது நெளியும் வெளிச்சம்தான். அதை விட்டுவிடலாம்.

உடையில் நிறம் பெரிய செய்தியன்று, அசைவுதான் காட்டிக்கொடுக்கும். துப்பாக்கியோடு வேட்டையாடுபவர், பளிச்சிடும் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு நிறத்தில் குறைந்தது ஒரு வெளி உடையேனும் அணிய வேண்டுமென்பது வயோமிங் சட்டம், தொப்பியே போதும். காலையில் உறைபனியும் மதியத்தில் வியர்வையும் ஒரே நாளில் வரும் என்பதால் கழற்றிப் போடத்தக்க மெல்லிய அடுக்குகளாக உடுத்த வேண்டும். முழங்கால் காப்பும் தடித்த தோல் கையுறையும் விலை குறைந்தவை, கள்ளி முள்ளுக்கு அவற்றைவிட நல்ல மருந்தில்லை. முள் பிடுங்க ஒரு சிறு இடுக்கியும் பையில் இருக்கட்டும். செப்டம்பரில் போகிறவர்கள் கிலுகிலுப்பைப் பாம்புகள் இன்னும் வெளியில் நடமாடும் என்பதை மறக்காமல், கைவைக்கும் இடத்தைப் பார்த்துத் தவழ வேண்டும்.

நில எல்லை காட்டும் கைப்பேசிச் செயலியையும் கருவிகளில் ஒன்றாகவே கணக்கிட வேண்டும். வயோமிங்கின் தென்பகுதியில், 19-ஆம் நூற்றாண்டில் ரயில் நிறுவனத்துக்கு ஒன்றுவிட்டு ஒன்றாக நிலம் வழங்கப்பட்டதால், ஒரு சதுர மைல் பொது நிலம், அடுத்தது தனியார் நிலம் என்று சதுரங்கப் பலகையைப் போல இன்றும் மாறிமாறி வருகிறது. பல இடங்களில் வேலி எல்லையைக் குறிப்பதில்லை. வரைபடத்தை முன்கூட்டியே கைப்பேசியில் இறக்கிவைக்காவிட்டால், அலைவரிசை இல்லாத இடத்தில் நாம் யாருடைய நிலத்தில் நிற்கிறோம் என்பது தெரியாது. உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போதே அந்தப் பகுதியில் பொது நிலம் எவ்வளவு என்று பார்த்திருக்க வேண்டும். எளிதாகக் கிடைக்கும் உரிமங்களில் பல, தனியார் நிலம் மிகுந்த பகுதிகளுக்கானவை. தம்பி அதைப் பார்த்தே விண்ணப்பித்திருந்தார். 2022-23 குளிர்காலத்தில் மேற்கு வயோமிங்கில் புராங்ஹார்ன்கள் பெருமளவில் மடிந்து, அங்கே உரிமங்களின் எண்ணிக்கை வெட்டப்பட்டதால் கிழக்குப் பகுதி ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

வேட்டைக்குப் பிந்தைய கருவிகளைப் பற்றிப் பெரும்பாலோர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. புராங்ஹார்ன் இறைச்சி நாறும், சேஜ் வாடை அடிக்கும் என்று சொல்லும் பலரைச் சந்தித்திருக்கிறேன். அவர்களில் ஏறத்தாழ எல்லோருமே வெயிலில் வண்டிக்குப் பின்னால் தோலோடு போட்டு ஊர்வலம் வந்த இறைச்சியைத் தின்றவர்கள். அதன் மயிர் உள்ளீடற்றது. குளிருக்கு நல்ல போர்வை, ஆகவே இறந்த பிறகும் உடற்சூட்டை உள்ளேயே அடைத்து வைத்திருக்கிறது. 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஓடி விழுந்த விலங்கைத் தோலோடு இரண்டு மணி நேரம் விட்டால் இறைச்சி கெடத் தொடங்கிவிடும். விழுந்த இடத்திலேயே தோலுரித்து, நான்கு கால்களையும் முதுகுச் சதையையும் பிரித்து, மயிர் ஒட்டாமல் துணிப் பைகளில் இட்டு, நிழலில் காற்றாட வைத்து, அன்றே பனிக்கட்டியில் வைத்துவிட்டால் அது ஆட்டிறைச்சியைவிட மென்மையானது. எங்கள் வீட்டில் மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வறுத்தபோது, வேட்டை இறைச்சியே வேண்டாமென்றிருந்த என் மாமியார் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார்.

அதற்கு வேண்டியவை மிகச் சில. கத்தியில், அலகை மாற்றிக்கொள்ளும் வகை அறுவைக் கத்தியைப் போலக் கூர்மையானது. ஆனால் மூட்டில் நெம்பினால் அலகு ஒடிந்து இறைச்சிக்குள் தங்கிவிடும், கையையும் கிழிக்கும். முதல்முறை செய்பவருக்கு மூன்றரை அங்குல நிலையான அலகுள்ள சாதாரணக் கத்தியும் ஒரு சிறு சாணைக் கல்லும் பாதுகாப்பானவை. துணிப் பை ஐந்து. எலும்பு நீக்கினால் கிடாவிலிருந்து 15 கிலோவுக்குக் குறையாத இறைச்சி வரும். அதற்கு 60 குவார்ட் (ஏறத்தாழ 57 லிட்டர்) ஐஸ் பெட்டி ஒன்று போதும். வீட்டிலேயே தண்ணீர்ப் புட்டிகளை உறையவைத்துப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டு போனால், உருகும் நீர் இறைச்சியை நனைக்காது, உருகியதைக் குடிக்கவும் செய்யலாம்.

இவ்வளவையும் பேசிய பிறகு தம்பியின் 2,200 டாலர் இப்படிப் பிரிந்தது. ரைஃபிள் 600, அது 6.5 கிரீட்மோர். 3-9 ஸ்கோப்பும் அதைப் பொருத்தும் வளையங்களும் 300. பைனாகுலர் 400. தூரமானி 180. மூன்றுகால் ஊன்றுகோல் 130. செம்புக் குண்டுத் தோட்டா எட்டுப் பெட்டி, அதாவது 160 தோட்டா, 360. மீதி, கத்திக்கும் துணிப் பைக்கும் முழங்கால் காப்புக்கும். ஐஸ் பெட்டி என்னுடையது. கூடுதலாக 300 டாலர் இருந்தால் டிக்கா வாங்கலாமா என்று கடைசியாகவும் ஒருமுறை கேட்டார். இருந்தால் இன்னும் ஆறு பெட்டித் தோட்டா வாங்குங்கள் என்றேன்.

அந்த 160-இல் முதல் 20 தோட்டா குறியைச் சரிசெய்ய. மீதியெல்லாம் காகிதத் தட்டில், உட்கார்ந்து, ஊன்றுகோலின் மேல் வைத்து, காதுக்காப்போடு. 100 கஜத்தில் தொடங்கி ஐம்பது ஐம்பதாகப் பின்னால் போக வேண்டும். ஐந்துக்கு ஐந்தும் தட்டில் விழும் கடைசித் தூரம் எதுவோ, அதுவே அக்டோபரில் அவர் சுடக்கூடிய கடைசித் தூரம். சென்ற சனிக்கிழமை சுடுகளத்தில் அவருடைய தூரம் 200-இல் நின்றது. 250-இல் ஐந்துக்கு மூன்றுதான் விழுந்தன. இன்னும் 90 தோட்டா மிச்சமிருக்கிறது.